31 வயதில் சினைப்பை ஓய்ந்துவிட்டது: காரணத்தை எங்கே தேடுவது?

வள்ளியாறு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் தக்கலைப் பக்கம். எனக்கு 31 வயது. கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது, குழந்தை இல்லை. பீரியட்ஸ் தள்ளித் தள்ளிப் போய் இப்போது ஆறு மாதமாக அடியோடு இல்லை. ராத்திரி ஃபேன் ஓடும்போதே உடம்பு குப்பென்று எரிந்து நைட்டி நனைகிற அளவுக்கு வேர்க்கிறது. டெஸ்டில் எஃப்.எஸ்.எச் (முட்டையை வளரச் சொல்லும் ஹார்மோன், ஓவரி ஓய்ந்தால் ஏறும்) 68, ஏ.எம்.எச் (முட்டை இருப்பைக் காட்டும் ஹார்மோன்) 0.05. ஆறு வாரம் கழித்து மறுபடி எடுத்தபோது எஃப்.எஸ்.எச் 74. நாங்கள் பார்த்த டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "ஓவரி நின்னு போச்சு, டோனர் முட்டைக்கு ரெடியாகுங்க" என்றார். ஏன் இப்படி ஆனது என்று கேட்டேன். "பாதிப் பேருக்குக் காரணமே தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். மாமியார் பிராய்லர் கோழி என்கிறார். நாத்தனார், நான் கல்யாணத்துக்கு முன் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனதுதான் என்கிறார். புகுந்த வீடு மணவாளக்குறிச்சி என்பதால் கடல் மண்ணில் இருக்கும் கதிர்வீச்சு என்று ஒரு மாமா அடித்துச் சொல்கிறார். நான் பி.எஸ்சி படித்தவள். செல்லுக்குள்ளே, ஜீனுக்குள்ளே என்ன நடந்தால் ஓவரி இப்படி நிற்கும் என்று யாராவது எனக்குப் புரியும்படி சொல்லுங்கள். அதைக் கண்டுபிடிக்க என்ன டெஸ்ட்? கண்டுபிடித்து இனிமேல் என்ன பயன்?

குளச்சல் சிஸ்டர் எழுதியது:

தங்கச்சி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிராய்லர் கோழியாலும் கம்ப்யூட்டராலும் எஃப்.எஸ்.எச் 74 ஆகாது. வீட்டில் யார் என்ன சொன்னாலும் அதை மனதில் ஏற்றிக்கொள்ளாதே. நான் 20 வருடத்துக்கு மேல் நர்ஸாக இருக்கிறேன். இந்த ரிப்போர்ட்டோடு அழுதுகொண்டு வெளியே வந்த பெண்கள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். 40 வயதுக்கு முன் சினைப்பை ஓய்வது நூற்றில் ஒருவருக்கு என்றுதான் புத்தகத்தில் படித்தோம். இப்போது உலகம் முழுக்க உள்ள ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து நூற்றில் மூன்றரை பேர் என்கிறார்கள். பக்கத்துத் தெருவிலும் ஒருத்தி இருப்பாள், வெளியே சொல்லமாட்டாள்.

எஃப்.எஸ்.எச் 25க்கு மேல், பீரியட்ஸ் நான்கு மாதமாக ஒழுங்கில்லை என்றால் இந்த நோய்தான் என்று முடிவு செய்யலாம். உனக்கு இரண்டு தடவையும் தெளிவாகவே வந்துவிட்டது. ஆனால் "நின்னு போச்சு" என்று ஒரேயடியாகச் சொன்னது சரியில்லை. இப்படிப்பட்டவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரை தானாகவே கர்ப்பமாகிறார்கள். சினைப்பை நடுநடுவே விழித்துக்கொள்ளும்.

காரண டெஸ்ட் பற்றி லேப் ஆட்கள் யாராவது சொல்லுவார்கள். ஹார்மோன் மாத்திரை ஆரம்பித்தார்களா, இல்லையா? அதை மட்டும் உடனே சொல்லு.

நாஞ்சில் வாத்தியார் எழுதியது:

மகளே, நான் விலங்கியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். மருத்துவன் அல்ல. உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டாய் அல்லவா, அந்தப் பகுதியை மட்டும் சொல்கிறேன்.

ஒரு பெண்ணுக்கு வாழ்நாள் முழுவதற்குமான கருமுட்டைகள் அவள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. ஐந்தாம் மாதத்தில் அறுபது, எழுபது லட்சம். பிறக்கும்போது பத்து முதல் இருபது லட்சம். வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம். அதில் மாதாமாதம் வெளியே வருவது ஆயுள் முழுக்க நானூறு, ஐந்நூறுதான். மீதி எல்லாம் உள்ளேயே அழிகின்றன. ஆயிரத்துக்குக் கீழே இருப்பு இறங்கும்போது மாதவிலக்கு நிற்கிறது. ஆகவே சீக்கிரம் நிற்பதற்கு மூன்று வழி: ஆரம்பத்திலேயே இருப்பு குறைவு, அழிவு வேகம், அல்லது முட்டை இருந்தும் வளரவில்லை.

இந்த இருப்பை விதைநெல்லாக நினைத்துப் பார். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து விதைத்தால் பல பூ, அதாவது பல போகம், வரும். பத்தாயத்தில் ஈரம் ஏறி மொத்தமும் ஒரே நேரத்தில் முளைத்துவிட்டால் அடுத்த பூவுக்கு ஒன்றுமில்லை. தூங்கும் முட்டையைத் தூங்கவைத்திருப்பது ஃபாக்ஸோ3 என்ற புரதம். அது முட்டையின் உட்கருவுக்குள் இருக்கும் வரை முட்டை அசையாது. பி.ஐ.3 கைனேஸ், ஏ.கே.டி என்ற சமிக்ஞைத் தொடர் கிளம்பினால் ஃபாக்ஸோ3 உட்கருவை விட்டு வெளியேறுகிறது, முட்டை வளரத் தொடங்குகிறது. அந்தத் தொடரைப் பிடித்து நிறுத்துவது பி.டென் என்ற இன்னொரு ஜீன். 2003இல் ஃபாக்ஸோ3 இல்லாத எலிகளையும், 2008இல் முட்டையில் மட்டும் பி.டென் நீக்கிய எலிகளையும் வைத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் ஒரே கதை: குட்டி எலியாக இருக்கும்போதே எல்லா முட்டையும் ஒன்றாக எழுந்து, இளவயதிலேயே சினைப்பை காலி.

மனிதர்களில் இந்த இரண்டு ஜீனால் வந்த நோய் என்று காட்டப்பட்டது மிகக் குறைவு. ஆனால் முட்டை எப்படித் தூங்குகிறது என்பதை இந்த எலிகள்தான் நமக்குச் சொல்லிக்கொடுத்தன.

கடலோரம் எழுதியது:

வாத்தியார் சார், எல்லாம் சரி. மண் விஷயத்தை யாரும் தொடவில்லையே. நானும் மணவாளக்குறிச்சிக்காரன். எங்கள் கடல் மண்ணில் மோனசைட் இருக்கிறது, அதில் தோரியம் இருக்கிறது. அருமணல் ஆலையே அதற்காகத்தான் இருக்கிறது. கதிர்வீச்சு ஓவரியைக் கெடுக்கும் என்பது பாடப்புத்தகத்திலேயே உண்டு. அந்த மாமா சொன்னதை எப்படித் தள்ளிவிடுவது?

மார்த்தாண்டம் லேப் எழுதியது:

நான் மார்த்தாண்டத்துக்காரன். திருவனந்தபுரத்தில் மரபணு ஆய்வகம் ஒன்றில் வேலை. கடலோரம் அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி, அதனால் அதற்கே முதலில் வருகிறேன்.

கதிர்வீச்சு முட்டையைக் கொல்லும், உண்மை. ஆனால் அளவு முக்கியம். உடம்பில் ஏறும் கதிரை கிரே என்ற அலகில் அளப்பார்கள்; இருப்பில் பாதி முட்டைகளை அழிக்க 2 கிரேக்குக் கொஞ்சம் குறைந்த அளவு வேண்டும் என்று 2003இல் கணக்கிட்டார்கள். புற்றுநோய்க்கு அடிவயிற்றில் கதிர் கொடுக்கும்போது வழக்கமாக ஒரே நாளில் கொடுக்கிற அளவு அது. உலகத்தில் எல்லா மனிதருக்கும் இயற்கையாகக் கிடைப்பது வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் (இந்த வகைக் கதிரில் 1,000 மில்லிசீவர்ட் ஏறக்குறைய 1 கிரே). நம் கடலோரத்தில் சில இடங்களில் அதைப்போலப் பல மடங்கு. பத்து மடங்கு என்றே வைத்தாலும் நான்கு வருடத்தில் சேர்வது 2 கிரேயில் இருபதில் ஒரு பங்கு, அதுவும் நாள்கணக்கில் பரவி. இதே மண் உள்ள கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பத்து வருடத்துக்கு மேல் கவனித்து 2009இல் முடிவு வெளியிட்டார்கள். புற்றுநோய் கூடவில்லை. அது புற்றுநோய் ஆய்வுதான், கருமுட்டையை எண்ணிய ஆய்வு அல்ல. ஆனாலும் வள்ளியாறு அக்கா அங்கே வாழ வந்ததே கல்யாணத்துக்குப் பிறகு. அந்த மண்ணில் பிறந்து வளர்ந்த நாத்தனாருக்கு ஒன்றுமில்லை என்பதையும் பாருங்கள். மண்ணை விட்டுவிடலாம்.

அக்கா, எனக்குச் சில தகவல் வேண்டும். உங்கள் அம்மைக்கு எந்த வயதில் நின்றது? அம்மை வீட்டு ஆண்களில் யாருக்காவது வயதான பிறகு கை நடுக்கம், நடை தள்ளாட்டம் உண்டா? வீட்டில் பேச்சு தாமதமான, புத்தி வளர்ச்சி மெதுவான ஆண் குழந்தை யாராவது? காது கேளாதவர்கள்? அப்பாவும் அம்மையும் சொந்தமா?

குலசேகரம் எழுதியது:

எனக்கும் இதே நோய்தான், 34 வயதில். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு மகள் பிறந்தாள், அதன் பிறகு நின்றுவிட்டது. ரப்பர் வெட்டிச் சேர்த்த காசில், ஜீன்களின் புரதம் செய்யும் பகுதிகளை மொத்தமாகப் படிக்கும் எக்ஸோம் என்று ஒரு டெஸ்ட் எடுத்தோம், ஆயிரக்கணக்கில் ஆனது. நோபாக்ஸ் என்ற ஜீனில் ஒரு பிரதியில் மாற்றம் இருக்கிறது என்று வந்தது. டெஸ்ட் எழுதிக்கொடுத்தவர், "இதுதான் காரணம், உங்க மகளுக்கும் பாதி வாய்ப்பு, அவளுக்கு சீக்கிரமா கல்யாணம் பண்ணி வைங்க" என்றார். அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

மார்த்தாண்டம் லேப் எழுதியது:

குலசேகரம் அக்கா, இதை நிதானமாகப் படியுங்கள். உங்கள் மகளின் வாழ்க்கையை அந்த ஒரு வரியை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

நோபாக்ஸ், முட்டை உருவாகும்போது மற்ற ஜீன்களை இயக்கும் ஒரு ஜீன். அம்மையிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று அது இரண்டு பிரதி இருக்கும். எலியில் இரண்டு பிரதியையும் எடுத்துவிட்டால் முட்டைகள் பிறந்த உடனேயே மறைகின்றன. அதை வைத்து, மனிதரில் ஒரு பிரதி மாறினாலே நோய் வரும் என்று பல ஆய்வுகள் எழுதின. 2023இல், லட்சக்கணக்கானோரின் ஜீன், உடல்நலத் தகவலைச் சேர்த்து வைத்திருக்கும் பிரிட்டனின் பயோபாங்க் தரவை எடுத்து 1,04,733 பெண்களில் இப்படிச் சொல்லப்பட்ட 105 ஜீன்களைச் சரிபார்த்தார்கள். ஜீனை உடைக்கும் வகை மாற்றங்கள் மொத்தம் 13,708 கிடைத்தன. அதில் 13,699, சரியான வயதில் மாதவிலக்கு நின்ற, ஆரோக்கியமான பெண்களிடம் இருந்தன. அதாவது ஒரு பிரதி கெட்டால் போதும் என்று எழுதியதில் பெரும்பகுதி நிற்கவில்லை.

அதே வருடம் சீனாவில் இந்த நோய் உள்ள 1,030 பெண்களின் எக்ஸோமைப் படித்தார்கள். அவர்களில் 23.5 சதவீதம் பேரிடம் காரணம் என்று சொல்லத்தக்க மாற்றம் கிடைத்தது என்கிறார்கள். இரண்டு ஆய்வும் ஒன்றுக்கொன்று முரண் என்று பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நோயாளிகளிடம் மட்டும் தேடினால் மாற்றம் கிடைக்கும். அதே மாற்றம் நோயில்லாதவர்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால்தான் அதற்கு எடை போட முடியும். இரண்டு பிரதியும் கெட்டிருந்தால் பேச்சே வேறு.

உங்கள் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த மாற்றத்துக்குப் பக்கத்தில் என்ன வகை என்று எழுதியிருக்கிறது, பாருங்கள். "பொருள் உறுதியாகவில்லை" என்ற வகையாக இருந்தால் அதை வைத்து யாரும் எந்த முடிவும் சொல்லக்கூடாது.

குலசேகரம் எழுதியது:

பார்த்தேன் தம்பி. நீங்கள் சொன்ன அந்த வகைதான் எழுதியிருக்கிறது. இதை அன்றைக்கே சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லையே. டெஸ்ட்டுக்கு எழுதிக்கொடுக்க மட்டும் ஆள் இருக்கிறார்கள்.

பூதப்பாண்டி எழுதியது:

அப்படியென்றால் ஜீன் டெஸ்டே வீண் செலவு என்றுதானே ஆகிறது? முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றும் கிடைக்காது. கிடைத்தாலும் முட்டை திரும்ப வராது. அந்தக் காசைக் குழந்தைக்கான சிகிச்சைக்கு வைத்துக்கொள்வதுதான் புத்தி. என் மனைவிக்கு இதே பிரச்சனை வந்தபோது நாங்கள் அப்படித்தான் செய்தோம். இன்று வீட்டில் இரட்டைக் குழந்தைகள்.

மார்த்தாண்டம் லேப் எழுதியது:

பூதப்பாண்டி அண்ணே, குழந்தைகள் நன்றாக இருக்கட்டும். ஆனால் எல்லா ஜீன் டெஸ்டையும் ஒரே கட்டில் போட்டுக் கட்டவேண்டாம். எக்ஸோம் வேறு. இந்த நோய்க்கு உலகமெங்கும் முதலில் எடுக்கச் சொல்வது மூன்றே: கேரியோடைப் (குரோமோசோம்களை எண்ணிப் பார்ப்பது), எஃப்.எம்.ஆர்.1 ரிப்பீட் (அந்த ஜீனில் திரும்பத் திரும்ப வரும் மூன்றெழுத்தை எண்ணுவது), அட்ரினல் ஆன்டிபாடி (சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியை உடம்பே தாக்குகிறதா என்று பார்ப்பது). மூன்றும் சேர்ந்தாலும் எக்ஸோமைவிடச் செலவு குறைவு. எக்ஸோமில் எஃப்.எம்.ஆர்.1 ரிப்பீட் தெரியவே தெரியாது. மூன்றெழுத்துத் தொடர் நீள்வதை அந்த முறையால் எண்ண முடியாது. ஒற்றை ஜீன்களில் இந்த நோய்க்கு அதிகமாகக் காரணமாவது அதுதான். பெரிய டெஸ்ட் எடுத்து "ஒன்றுமில்லை" என்று வாங்கிக்கொண்டு போகும் பெண்களில் சிலருக்குக் காரணம் கண்ணெதிரே இருக்கிறது, பார்க்கவில்லை, அவ்வளவுதான். இது எனக்கு ரொம்ப நாளாக உள்ள ஆதங்கம்.

கேரியோடைப் எதற்கு? எக்ஸ் குரோமோசோம் ஒன்று முழுதாக இல்லாதது டர்னர் நோய்க்குறி. அவர்கள் குள்ளமாக இருப்பார்கள், சின்ன வயதிலேயே தெரியும் என்பார்கள். ஆனால் உடம்பின் சில செல்களில் மட்டும் எக்ஸ் குறைந்த பெண்கள் சாதாரண உயரத்தில், பீரியட்ஸ் வந்து, முப்பதில் நின்றபிறகுதான் தெரியவரும். அவர்களுக்கு இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயை எக்கோ எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும். குழந்தைக்காக டோனர் முட்டை வைப்பதற்கு முன்னால் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

வள்ளியாறு எழுதியது:

தம்பி கேட்ட கேள்விகளை அம்மையிடம் உட்கார்ந்து கேட்டேன். அப்பாவும் அம்மையும் சொந்தம் இல்லை. காது கேளாதவர்கள் இல்லை. அம்மைக்கு 42இல் நின்றுவிட்டது. மூன்று பிள்ளை பெற்ற உடம்பு, அதனால் சீக்கிரம் நின்றது என்று விட்டுவிட்டார்கள்.

அம்மையைப் பெற்ற பாட்டாவுக்கு அறுபதுக்கு மேல் கை நடுங்கும். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார், பாதி வேட்டியில் சிந்தும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது கை நடுங்காது, எதையாவது எடுக்கப் போனால்தான். நடந்தால் காலை அகட்டி அகட்டி வைப்பார், வரப்பில் இரண்டு தடவை விழுந்திருக்கிறார். ஊரில் குடிகாரன் என்று பேசினார்கள். பாட்டா வாழ்நாளில் சாராயம் தொட்டதில்லை. பார்க்கின்சன் என்று மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை.

அக்காவைத் திங்கள்நகரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவளுக்கு பீரியட்ஸ் எல்லாம் சரி. அவள் மகனுக்கு ஆறு வயது. மூன்றரை வயது வரை பேசவில்லை. இப்போதும் முகத்தைப் பார்க்கமாட்டான், கையை உதறிக்கொண்டே இருப்பான். ஆட்டிசம் என்று தெரபிக்குக் கூட்டிப்போகிறாள்.

இதற்கும் என் ஓவரிக்கும் என்ன சம்பந்தம்?

மார்த்தாண்டம் லேப் எழுதியது:

அக்கா, சம்பந்தம் இருக்கலாம். மூன்றும் ஒரே ஜீனிலிருந்து வரலாம். டெஸ்ட் எடுக்காமல் உறுதி சொல்லமாட்டேன். ஆனால் எடுத்தே ஆகவேண்டும்.

எக்ஸ் குரோமோசோமின் நீளக் கையின் முனையில், எக்ஸ்.க்யூ.27.3 என்ற இடத்தில் எஃப்.எம்.ஆர்.1 என்ற ஜீன் இருக்கிறது. 1991இல் கண்டுபிடித்தார்கள். அதன் தொடக்கத்தில் சி.ஜி.ஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். நம்மில் பெரும்பாலோருக்கு 30 தடவை அளவில். 45 வரை சாதாரணம். 200ஐத் தாண்டினால் ஜீன் மூடிக்கொள்கிறது, அது செய்யும் புரதம் வருவதில்லை. ஆண் குழந்தைகளுக்கு அதுதான் ஃபிராஜைல் எக்ஸ்: பேச்சு தாமதம், புத்தி வளர்ச்சி குறைவு, ஆட்டிசத்தில் வருகிற குணங்கள். 55 முதல் 200 வரை இருந்தால் நடுநிலை, முன்மாற்றம் என்பார்கள். ரொம்ப நாள் இவர்களுக்கு ஒன்றும் வராது, கடத்துபவர்கள் மட்டும்தான் என்று நினைத்திருந்தார்கள்.

ஆனால் முன்மாற்றம் உள்ள பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு 40க்கு முன் சினைப்பை ஓய்கிறது. உள்ளே நடப்பது இப்படி. முன்மாற்றத்தில் ஜீன் மூடுவதில்லை, மாறாகத் தன் நகலான ஆர்.என்.ஏவை வழக்கத்தைவிடப் பல மடங்கு எழுதித் தள்ளுகிறது. அந்த நீண்ட சி.ஜி.ஜி பகுதி கொண்டை ஊசி வடிவில் மடிந்து, செல்லுக்கு வேண்டிய மற்ற புரதங்களைத் தன்னோடு ஒட்டவைத்துக்கொள்கிறது. போதாததற்கு, தொடங்கக்கூடாத இடத்திலிருந்து அந்த ஆர்.என்.ஏவை, செல்லின் புரத ஆலையான ரைபோசோம் படித்து, வேண்டாத ஒரு புரதத்தையும் செய்கிறது. அது முட்டையைச் சுற்றியுள்ள செல்களில் தேங்குகிறது. ஆர்.என்.ஏதான் குற்றவாளி என்று எப்படித் தெரியும்? 200க்கு மேல் போன பெண்களுக்கு, ஆர்.என்.ஏ வராததால், சினைப்பை இப்படிக் கெடுவதில்லை. இன்னொரு விசித்திரம், ரிப்பீட் கூடக் கூட ஆபத்து கூடவில்லை. 70க்கும் 100க்கும் நடுவில் உள்ளவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

இதே முன்மாற்றம் உள்ள ஆண்களில் பலருக்கு 50 வயதுக்கு மேல் மூளையில் அதே ஆர்.என்.ஏ நச்சு வேலை செய்கிறது. பொருளை எடுக்கும்போது நடுக்கம், கால் அகட்டிய நடை. உங்கள் பாட்டாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. ஆண் தன் எக்ஸை எல்லா மகளுக்கும் கொடுப்பார், மகனுக்குக் கொடுக்கமாட்டார். அவரிடமிருந்து மகளுக்குப் போகும்போது ரிப்பீட் பெரிதாக நீள்வதில்லை. மகளிடமிருந்து அடுத்த தலைமுறைக்குப் போகும்போதுதான் சட்டென்று நீளும். பாட்டாவிடமிருந்து அம்மைக்கு, அம்மையிடமிருந்து அக்காவுக்கும் உங்களுக்கும், அக்காவிடமிருந்து மகனுக்கு என்று வந்திருந்தால் கணக்கு சரியாக வருகிறது. ஐந்தில் ஒருவருக்குத்தான் சினைப்பை கெடும் என்பதால் அக்காவுக்கு பீரியட்ஸ் ஒழுங்காக இருப்பதிலும் ஆச்சரியமில்லை.

கேரியோடைப், எஃப்.எம்.ஆர்.1 இரண்டையும் எழுதிக் கேளுங்கள். ரிப்பீட் எண்ணும் பி.சி.ஆர் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

தோவாளை எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். லேப் தம்பி சொந்தக் கல்யாணம் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். என் அம்மை மாமன் மகனைத்தான் கட்டினார். என் தங்கைக்கு 18 வயது, இதுவரை வயதுக்கே வரவில்லை. ஸ்கேனில் ஓவரி நூல்மாதிரி இருக்கிறது என்றார்கள். குரோமோசோம் சரி. இதற்கும் ஜீன்தானா?

நாஞ்சில் வாத்தியார் எழுதியது:

இங்கேதான் இரண்டு பிரதியும் கெடுவது வருகிறது, மகளே. தாயும் தகப்பனும் ஒரே ஆச்சியின் பேரப்பிள்ளைகள் என்றால், அந்த ஆச்சியிடம் இருந்த ஒரு பழுதான பிரதி இருவர் வழியாகவும் வந்து ஒரே குழந்தையிடம் சேரலாம். ஸ்டாக்3 என்ற ஜீனை 2014இல் அப்படித்தான் பிடித்தார்கள், பாலஸ்தீனத்தில் சொந்தத்துக்குள் மணந்த ஒரு குடும்பத்தில். கருவிலிருக்கும் பெண் குழந்தையின் சினைப்பையில் முட்டைகள் மீயோசிஸில், அதாவது குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் பிரிவில், நுழையும்போது குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து துண்டு மாற்றிக்கொள்ள வேண்டும். அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் வளையப் புரதத்தின் ஒரு பகுதி ஸ்டாக்3. அது இல்லையென்றால் ஜோடி சேராது. சேராத முட்டையைச் செல்லே அழித்துவிடும். பிறக்கும் முன்பே இருப்பு காலி. எம்.எஸ்.எச்.5, எச்.எஃப்.எம்.1, எம்.சி.எம்.8 என்று இதே வேலையைச் செய்யும் ஜீன்கள் வரிசையாக இருக்கின்றன. எஃப்.எஸ்.எச்சை வாங்கிக்கொள்ளும் ஏற்பியின் ஜீனே இரண்டு பிரதியிலும் கெட்ட குடும்பங்களை 1995இல் ஃபின்லாந்தில் கண்டார்கள். அவர்களுக்கு முட்டை இருந்தும் வளரவில்லை.

மார்த்தாண்டம் லேப் எழுதியது:

வாத்தியார் சொன்னதோடு ஒன்று: தோவாளை அக்கா, உங்கள் தங்கைக்கு எக்ஸோம் எடுப்பது வீண் இல்லை. வயதுக்கே வராதவர்கள், பெற்றோர் சொந்தம், குரோமோசோம் சரி என்றால் விடை கிடைக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். எம்.சி.எம்.8 மாதிரி டி.என்.ஏ பழுதைச் சரிசெய்யும் ஜீன் என்று வந்தால் சினைப்பையோடு முடியாது, பிற்காலத்தில் புற்றுநோய் வருகிறதா என்றும் கவனிக்கச் சொல்வார்கள். காதையும் ஒருமுறை சோதியுங்கள். காது கேளாமையோடு சேர்ந்து வரும் பெரால்ட் நோய்க்குறியும் இதே வழியில் வரும். அதில் பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியா சம்பந்தப்பட்ட ஜீன்கள்.

கடலோரம் எழுதியது:

இன்னொரு சந்தேகம். என் மச்சினிக்கு ரத்தப் புற்றுநோய்க்கு கீமோ கொடுத்தார்கள், பிழைத்துக்கொண்டாள், பீரியட்ஸ் நின்றுவிட்டது. மருந்து முட்டையை நேராகக் கொல்கிறதா?

மார்த்தாண்டம் லேப் எழுதியது:

சைக்ளோஃபாஸ்ஃபமைடு வகை மருந்து டி.என்.ஏவின் இரண்டு இழைகளையும் குறுக்கே ஒட்டவைக்கிறது. தூங்கும் முட்டையில் டி.ஏ.பி63 என்ற காவல் புரதம் எப்போதும் தயாராக, ஆனால் மடங்கிய நிலையில் இருக்கும். டி.என்.ஏ உடைந்ததும் செக்2 என்ற என்சைம் அதற்கு பாஸ்பேட் சேர்க்கிறது, அது நான்கு நான்காகச் சேர்ந்து விழித்து, செல்லைத் தற்கொலைக்கு அனுப்புகிறது. கெட்ட முட்டையிலிருந்து குழந்தை வராமலிருக்க உடம்பு வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. செக்2 இல்லாத பெண் எலிகளுக்குக் கதிர் கொடுத்தால் முட்டைகள் தப்பிக்கின்றன. 2021இல் சுமார் 2 லட்சம் பெண்களின் ஜீன்களைப் பார்த்தபோது, இயற்கையாக மாதவிலக்கு நிற்கும் வயதைத் தீர்மானிக்கும் 290 இடங்கள் கிடைத்தன. அதில் நிறைய இடங்கள் இந்த டி.என்.ஏ பழுது பார்க்கும் வேலையோடு சேர்ந்தவை. கீமோ தொடங்கும் முன்னாலேயே முட்டை சேமிப்பு பற்றிக் கேட்டுவிட வேண்டும். அந்தச் சில நாள்தான் அவகாசம்.

குளச்சல் சிஸ்டர் எழுதியது:

ஜீன் பேச்சில் இன்னொன்றை மறந்துவிடாதீர்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சினைப்பையைத் தாக்குவதும் உண்டு. தைராய்டு கெட்டவர்களிடம் இதை நிறையப் பார்க்கலாம். இந்த நோயாளிகளில் நூற்றுக்கு நான்கு பேர் அளவில் அட்ரினலுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும், 21 ஹைட்ராக்ஸிலேஸ் என்று எழுதிக்கொடுப்பார்கள். அது இருந்து தெரியாமல் விட்டால், ஒரு சாதாரணக் காய்ச்சலிலோ ஆபரேஷனிலோ பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்து. உடம்பு கறுத்துக்கொண்டே போவது, உப்பு உப்பாகத் தின்னத் தோன்றுவது, காரணமில்லாமல் எடை குறைவது இருந்தால் உடனே சொல்லுங்கள். குடும்பத்துக்கு மட்டும் இல்லை, உனக்கே அது தேவை தங்கச்சி.

நான் கேட்ட ஹார்மோன் மாத்திரைக்கு இன்னும் பதில் வரவில்லை.

வள்ளியாறு எழுதியது:

எழுதிக்கொடுத்தார்கள் சிஸ்டர். மாமியார், ஹார்மோன் சாப்பிட்டால் மார்பில் புற்றுநோய் வரும் என்று சொல்லி எடுத்து வைத்துவிட்டார். நானும் பயந்து விட்டுவிட்டேன்.

குளச்சல் சிஸ்டர் எழுதியது:

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 2002இல் அமெரிக்காவில் வந்த ஆய்விலிருந்து. அதில் சேர்த்தவர்கள் 50 முதல் 79 வயதுக்காரர்கள். அவர்களுக்கு இயற்கையாக நின்ற பிறகு மேலே கொடுத்தது. உனக்கு 31. உன் வயதுப் பெண்களுக்கு உடம்பே சுரக்கிற ஈஸ்ட்ரஜனை உனக்கு வெளியிலிருந்து திருப்பிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். எடுக்காமல் விட்டால் எலும்பு கரையும், இதயத்துக்கும் கேடு. கர்ப்பப்பை இருக்கிறவர்களுக்குக் கூடவே புரோஜெஸ்டிரோனும் வேண்டும், ஈஸ்ட்ரஜன் தனியாகக் கூடாது. 50 வயது வரை எடுக்கச் சொல்வார்கள். டெக்சா என்ற எலும்பு ஸ்கேனும் ஒன்று எடு. மாமியாரை ஒருநாள் என்னிடம் பேசச் சொல்லு, நான் சொல்லிக்கொள்கிறேன்.

வள்ளியாறு எழுதியது:

ரிப்போர்ட் வந்துவிட்டது. கேரியோடைப் 46 எக்ஸ்.எக்ஸ், சாதாரணம். அட்ரினல் ஆன்டிபாடி இல்லை. எஃப்.எம்.ஆர்.1: ஒரு பிரதியில் 30, இன்னொன்றில் 84.

மாத்திரை ஆரம்பித்துவிட்டேன், ராத்திரி வேர்ப்பது குறைந்திருக்கிறது. ரிப்போர்ட்டை வீட்டுக்காரர் மாமாவிடமே காட்டினார். மண்ணும் இல்லை, கோழியும் இல்லை, என் பிறவியிலேயே வந்தது என்று சொன்னார். மாமியார் ஒன்றும் பேசவில்லை. பாட்டாவைக் குடிகாரன் என்று சொன்னதை நினைத்து அம்மை அழுதுவிட்டார்.

இப்போது இரண்டு கவலை. அக்காவிடம் எப்படிச் சொல்வது? என் தம்பிக்கு 25 வயது, பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவனுக்கும் சொல்ல வேண்டுமா? வெளியே தெரிந்தால் சம்பந்தம் நடக்காது என்று அப்பா பயப்படுகிறார்.

பூதப்பாண்டி எழுதியது:

தங்கச்சி, காரணம் தேடுவது வீண் என்று நான் சொன்னது உன் விஷயத்துக்குப் பொருந்தாது. அக்காவிடம் கட்டாயம் சொல்லு. அவள் அடுத்த குழந்தைக்கு யோசித்துக்கொண்டிருக்கலாம்.

மார்த்தாண்டம் லேப் எழுதியது:

அக்கா, 84 என்பது ஆபத்து அதிகமுள்ள நடுப்பகுதியிலேயே விழுகிறது. காரணம் கிடைத்துவிட்டது என்று சொல்லலாம்.

அக்காவின் மகனுக்கு முதலில் எடுக்கச் சொல்லுங்கள். ஆட்டிசம் என்று தெரபி நடப்பதை நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் ஃபிராஜைல் எக்ஸ் என்று தெரிந்தால் வலிப்பு, காது, கண் எல்லாவற்றையும் அதற்கேற்பப் பார்ப்பார்கள். 200க்கு மேல் போனால் பி.சி.ஆர் மட்டும் போதாது, ரிப்பீட் நீளத்தையோ ஜீன் மூடியிருக்கிறதா என்பதையோ காட்டும் சதர்ன் பிளாட் அல்லது மெத்திலேஷன் சோதனையும் சேர்த்துக் கேட்கவேண்டும். அக்காவுக்கும் எடுக்கவேண்டும். அடுத்த கர்ப்பம் என்றால் பதினொன்றாவது வாரத்திலிருந்தே நஞ்சுக்கொடியில் துளி எடுத்துச் சோதிக்க வழி உண்டு. நாள் கடத்தாமல் சொல்லுங்கள்.

உங்களுக்கும் இது பொருந்தும். தானாகக் கர்ப்பமானால் அந்த 84 குழந்தைக்குப் போக பாதி வாய்ப்பு, போனால் 200ஐத் தாண்டும் வாய்ப்பும் பெரிது. டோனர் முட்டை என்றால் இந்தக் கவலை இல்லை. ஆனால் டோனருக்கும் இதே டெஸ்ட் எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். டோனராக அம்மை வழிச் சொந்தத்தில் யாராவது வருகிறேன் என்றால் டெஸ்ட் இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தம்பி விஷயத்தில் டெஸ்ட் எடுப்பதும் எடுக்காததும் அவருடைய உரிமை. தகவலை அவரிடம் சொல்வது உங்கள் கடமை என்று நான் நினைக்கிறேன். அவருக்கு இருக்க பாதி வாய்ப்பு. இருந்தாலும் அவர் மகன்களுக்குப் போகாது. மகள்கள் எல்லோருக்கும் போகும், முன்மாற்றமாக. இதைத் தெரிந்துகொண்டு கல்யாணம் பண்ணுவது வேறு, பிறகு உங்களைப்போல ஒரு பெண் 31இல் காரணம் தேடி அலைவது வேறு. ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை, கட்டப்போகும் பெண்ணுக்குச் சொன்னால் போதும். அப்பாவுக்குச் சங்கடமாக இருந்தால் மரபணு ஆலோசகரிடம் மூவரும் சேர்ந்து போங்கள், அவர் வீட்டுப் பெரியவர்களுக்குப் புரியும்படி படம் போட்டுக் காட்டுவார்.

அக்கா மகனுக்கு ரத்தம் எடுக்கும்போது ஊதா மூடி போட்ட இ.டி.டி.ஏ குழாயில் எடுக்கச் சொல்லுங்கள், உங்கள் ரிப்போர்ட் நகலையும் கூடவே கொடுத்தனுப்புங்கள். குடும்பத்தில் 84 என்று முன்னாலேயே தெரிந்தால் லேபில் தேடும் விதமே மாறும். எண் வந்ததும் இங்கே எழுதுங்கள்.